பச்சை எரியாத கதவு

கதிர்வீச்சை அளக்கும் சட்டத்துக்குள் நின்று இரண்டு கைகளையும் பள்ளங்களில் நுழைத்த மறுகணம் அலாரம் அலறியது.

இங்கெரி கைகளை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. எதிரே இருந்த இரும்புக் கதவு அசையவில்லை. பச்சை எரிந்தால்தான் அது திறக்கும். இத்தனை வருட வேலையில் இந்தச் சட்டம் அவளுக்குப் பச்சையைத் தவிர வேறு எதையும் காட்டியதே இல்லை.

"இன்னொரு தடவை கையை வை," என்றார் பின்னால் நின்ற பெரியவர் அர்மாஸ்.

வைத்தாள். மறுபடியும் சிவப்பு. சட்டத்தில் பொருத்தியிருந்த சின்னத் திரையில் கோடுகளால் வரைந்த ஒரு மனித உருவம் தெரிந்தது. கைகளும் கால்களும் வெள்ளையாக இருந்தன. உடம்பு மட்டும் சிவந்திருந்தது.

இருவரும் அப்போதுதான் குகையிலிருந்து வந்திருந்தார்கள். குகை என்று அங்கே எல்லோரும் சொல்வது, மலையைக் குடைந்து, கனத்த கான்கிரீட் சுவர் எழுப்பிக் கட்டிய ஓர் அறை. விண்வெளிக்குப் போகப்போகும் சிப்புகளை அதற்குள் கட்டிவைத்து, துகள் முடுக்கியிலிருந்து பாய்ந்து வரும் கதிர்க்கற்றையால் அடிப்பார்கள். மேலே பல வருடங்களில் வாங்க வேண்டிய அடியை இங்கே ஒரே பகலில் வாங்கிவிடும். எது தாங்குகிறது, எது நினைவு கலங்கி உளறுகிறது என்று எண்ணிச் சொல்வது இங்கெரியின் வேலை.

அன்றைக்கு வந்திருந்தது, நிலவைச் சுற்றப்போகும் ஒரு கலத்தின் நினைவகச் சிப். அமிலம் விட்டு அதன் மேல்மூடியைக் கரைத்து எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த சிலிக்கான் சதுரம் தோலுரித்த பழம் போல ஈரப் பளபளப்போடு கிடந்தது. சோதனையின் நடுவில், சிப்பைப் பொருத்தியிருந்த மின்பலகையின் இணைப்பு ஒன்று கழன்றுகொள்ள, கற்றையை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. குகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. முடுக்கியை ஓட்டும் தாபியோ இருக்கையை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. மிச்சமிருந்தது அர்மாஸ்தான். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கூட வந்தார். ஏன் தயங்கினார் என்று இங்கெரி அப்போது யோசிக்கவில்லை.

இப்போது குகையின் வாசலுக்கும் இந்தக் கதவுக்கும் நடுவே, ஒற்றைக் குழல்விளக்கு எரியும் குறுகலான நடையில் இருவரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பேசாம நில்லு. நான் பாக்கறேன்," என்ற அர்மாஸ், சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி அலாரத்தை அடக்கினார்.

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இங்கெரியால்தான் அப்படி இருக்க முடியவில்லை. காரணம், அவள் வயிற்றில் பத்து வாரக் குழந்தை இருந்தது.

அது அவள் கணவன் லௌரிக்கு மட்டும்தான் தெரியும். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. முதல் முறை தெரிந்த அன்றைக்கே காபி அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அப்புறம், இல்லை என்றும் அவளே போய்ச் சொல்ல வேண்டி வந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் மேசையில் ஏலக்காய் ரொட்டிப் பொட்டலம் ஒன்று இருந்தது. இரண்டாவது முறையும் அதே மௌனம், அதே ரொட்டி. மூன்றாவது பொட்டலத்தை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. பன்னிரண்டாவது வார ஸ்கேன் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கருவுற்றவள் உடனே சொல்லிவிட வேண்டும், சொன்ன அன்றிலிருந்து குகைக்குள் கால் வைக்கக் கூடாது என்பதும் விதிதான். அவளுக்குத் தெரியாததல்ல. கற்றை நின்றபிறகுதானே போகிறேன், மார்பில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு அளவு அட்டை வருடம் முழுக்க ஒன்றும் காட்டியதில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். எண்களை நம்புகிறவள் அவள். இன்று எண்களே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டன.

அர்மாஸ் சுவர் மாட்டியிலிருந்து கதிர்வீச்சை எண்ணும் கைக் கவுன்ட்டரை எடுத்து இயக்கினார். அது உடனே பொரியத் தொடங்கியது. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம்.

வழக்கமாக அது தூக்கம் வருகிறாற்போல எப்போதாவது ஒரு டிக் என்றுதான் சொல்லும்.

"ரேடான்," என்றார் அர்மாஸ். "வெளியில இவ்வளவு குளிர் இருந்தா மலை உள்ள மூச்சு விடும். எல்லாம் உன் கம்பளிச் சட்டையில போய் ஒட்டியிருக்கும். போன வருஷம் கூட்டறவங்களுக்கு இதே மாதிரி அடிச்சுதே, ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. பனிக்காலத்தில் சூடாக்கிய கட்டடம், அடியிலிருக்கும் கருங்கல்லிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவை உறிஞ்சும். அதன் தூசு கம்பளியில் ஒட்டிக்கொண்டு சட்டத்தை ஏமாற்றிவிடும். இங்கெரிக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது. மேல்சட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினாள். அவர் பையருகே கவுன்ட்டரைக் கொண்டுபோனார். பொரிந்தது.

"பாத்தியா?" என்றார்.

அவள் தன் தோளை நீட்டினாள். தோளிலும் அதே பொரிதல். காலணிகளைக் கழற்றினாள். காலணியிலும், கழற்றிய பாதத்திலும் அதே. கொண்டை போட்டிருந்த தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். முடியிலும் அதே. கம்பளிக் காலுறையோடு கான்கிரீட் தரையில் நின்றவளுக்கு உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறியது.

எங்கே வைத்தாலும் ஒரே எண் வந்தால் முதலில் அளப்பதைச் சந்தேகப்படு என்று, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவளேதான் சொல்லித் தருவாள். அந்தப் பாடம் அவளுக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை.

அர்மாஸ் கவுன்ட்டரைச் சுவருக்குக் காட்டினார். சுவர் பொரிந்தது. தரைக்குக் காட்டினார். தரையும் பொரிந்தது. தீயணைப்புக் குடுவை, மின்கம்பிக் குழாய், குகை வாசலின் விளிம்பு. கருவி போன இடமெல்லாம் சத்தமும் கூடவே போயிற்று. கண்ணுக்குத் தெரியாத எதுவோ நடை முழுக்கப் பரவி, அவர் காட்டும் இடத்திலெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பது போல இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தாள். அவர் அந்தக் கருவியைக் கை முழுக்க நீட்டி, பாம்பைப் பிடித்திருப்பவர் மாதிரி உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்.

இங்கெரி இன்டர்காமை அழுத்தினாள். "தாபியோ, இன்னொரு கவுன்ட்டர் எடுத்து கதவுக்கு இந்தப் பக்கம் அனுப்ப முடியுமா?"

"அது சரிபார்க்கப் போயிருக்கு. கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் வரும்," என்றது தாபியோவின் குரல். "என்ன, உள்ள குடித்தனம் பண்ணப் போறீங்களா? பச்சை விழலியா?"

"விழல. பீம் நின்னுதானே இருக்கு?"

கற்றை நின்றுதான் இருக்கிறது என்றான் தாபியோ. அதை மறிக்கும் அடைப்பும் இறங்கியிருக்கிறது. இணைப்பு சரியானதிலிருந்து சிப்பில் ஒரு எழுத்துகூடப் புரளவில்லை, சாது மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றும் சொன்னான். அப்புறம், சொல்லலாமா வேண்டாமா என்பது போல இழுத்தான்.

"ஒரு வேடிக்கை கேளு. நம்ம சுவத்துக் கிழவன் இருக்கானே, அவன் அடங்கிட்டான்."

சுவர்க் கிழவன் என்பது கன்ட்ரோல் அறையில் மாட்டியிருக்கும் பழைய கவுன்ட்டர். கடிகாரம் மாதிரி எப்போதும் அது பாட்டுக்கு மெதுவாக டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அன்று முற்பகலிலிருந்து அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாபியோ அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டைக் காக்கும் குள்ளனான தொன்த்துவுக்கு, பெரிய காந்தத்தின் பின்னால் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி வைப்பது அவன் வழக்கம். இந்த வருடம் மறந்துவிட்டானாம். குள்ளனுக்குக் கோபமாம்.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போனதும் கிழவன் பழையபடி தூங்க ஆரம்பிச்சுட்டான்," என்றான் தாபியோ. "தொன்த்து உங்க கூடவே கிளம்பி வந்துட்டான்போல. நல்லபடியா கவனிச்சுக்க."

அவன் சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

இங்கெரி திரும்பிக் குகை வாசலைப் பார்த்தாள். கதிர்கள் நேராக வெளியே வந்துவிடாதிருக்க அந்த வழியை வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள். முதல் வளைவு வரைக்கும்தான் வெளிச்சம் போயிற்று. அதற்கு அப்பால் இருட்டு. சத்தத்தை விழுங்கும் கான்கிரீட். தாபியோவின் கேலியை அவள் நம்பவில்லை. ஆனால், மேலே கன்ட்ரோல் அறையில் இருந்த ஏதோ ஒன்று அவர்களோடு நடந்து, குகைக்குள் வந்து, இப்போது இந்த நடையில் அவர்களோடு நின்றுகொண்டிருக்கிறது என்பது கணக்குப்படி சரியாகத்தான் வந்தது. கணக்குப்படி வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அது எங்கே இருக்கிறது? அவள் மேலா? அவளுக்குள்ளா?

காலையில் எதைத் தொட்டோம், எதைக் குடித்தோம் என்று மனம் ஓடியது. நேற்று வரை அடி வாங்கிய பழைய பலகைகளை வெறுங்கையால் எடுத்தோமோ? கையுறை போட்டிருந்தாள். போட்டிருந்தாளா? மதியம் பட்டாணி சூப் குடிப்பதற்கு முன் கை கழுவினாளா?

சூப் ஞாபகம் வந்ததும் வேறொன்றும் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை என்றால் சூப்பும் அப்பமும். எப்போதும் அர்மாஸோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுவாள். இன்று அவள் தட்டோடு போய் எதிரே உட்கார்ந்ததும் அவர் எழுந்து, கடைசி ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தன் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது, சொல்லாமல் மறைத்ததற்குக் கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். அர்மாஸ்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பு. இங்கே எழுதியிருக்கும் விதிகளில் பாதி அவர் எழுதியவை. வருகிற கோடையில் ஓய்வு பெறப்போகிறார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை.

இன்று அவரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். பனியில் கார் புதைந்துவிட்டது என்று சொல்லித் தாமதமாக வந்தார். நாளெல்லாம் காபி குடிக்கிற மனிதர் இன்று காபியைத் தொடவில்லை. சாடி சாடியாகத் தண்ணீர் குடித்தார். அடிக்கடி எழுந்து போய்வந்தார். "ஏரியையே குடிச்சு முடிச்சுடுவீங்க, மீனெல்லாம் எங்க போகும்?" என்று தாபியோ கேட்டதற்கு, வயதானால் இப்படித்தான் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அர்மாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். சட்டம் பச்சை காட்டாவிட்டாலும் கதவைத் திறக்கும் சாவி. அவரிடம் மட்டும்தான் அது உண்டு.

"நீ கிளம்பு," என்றார். "வீட்டுக்குப் போய் நல்லா குளி. சௌனா ஆவியில உக்காரு. நாளைக்குள்ள எல்லாம் போயிடும்."

"எது போயிடும்?"

அவர் சாவியோடு கதவுப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குள்ள போயிடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரேடான்னு சொன்னேனே."

"ரேடான்னா சட்டையோட போயிருக்கணும். போகலியே." சட்டையைக் கட்டிய பிளாஸ்டிக் பையை அவர் பக்கம் தள்ளினாள். "அர்மாஸ், சிவப்பு விழுந்தா தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்துட்டுத்தான் வெளிய விடணும். நீங்க எழுதின ரூல். அளங்க."

"வேண்டாம்மா. தேவையில்ல."

"தெரியாம நான் இங்கேந்து போக மாட்டேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண்களுக்குக் கீழே தோல் சாம்பல் நிறத்தில் தொங்கியது. சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு ஷூ மாட்டிவிடுகிறவர் போல மெதுவாக அவள் எதிரே குனிந்தார்.

பாதத்திலிருந்து தொடங்கினார். கையை நீட்டியே வைத்திருந்தார். பொரிதல் நிதானமாக இருந்தது. கணுக்கால். முழங்கால். குனிந்தபடியே மேலே வர வர அவரால் கையை நீட்டிவைத்திருக்க முடியவில்லை. குறுகலான நடையில் முதுகு சுவரில் இடித்தது. முழங்கை மடங்கியது. அவர் மேலும் நெருங்கி வந்தார். கருவி அவர் மார்புக்கும் அவள் இடுப்புக்கும் நடுவே வந்தது.

சத்தம் மாறியது. தனித்தனியாக வெடித்த கடுகெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இரைச்சலாயிற்று. அடைமழை தகரக் கூரையில் விழுகிற இரைச்சல். முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

கருவி சரியாக அவள் அடிவயிற்றுக்கு நேராக இருந்தது.

இங்கெரி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. கைகள் தாமாகவே போய்விட்டன. கைகள் எதையும் தடுக்காது, விரல் இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே போகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் பொத்திக்கொண்டாள்.

அர்மாஸ் அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

சட்டென்று நிமிர்ந்து, சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தார்.

"எத்தன வாரம்?"

"பத்து." அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை. இதற்கு முன் இரண்டு போயிற்று, உங்களுக்குத் தெரியும், இதுவும் போய்விடுமா, உள்ளே என்ன இருக்கிறது, நான் எதைத் தின்றேன், எதைத் தொட்டேன் என்று கேட்டுக்கொண்டே போனாள். அழவில்லை. கேள்விகள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. "மறைச்சது தப்புதான். என்ன வேணா பண்ணுங்க. அதுக்கு என்ன ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

அர்மாஸ் கவுன்ட்டரைத் தரையில், அவள் காலுறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் வாயை அவள் வயிற்றுப் பக்கமாக நிமிர்த்தி வைத்தார்.

"அதை எடுக்காத. தொடாத," என்றார். "கேட்டுக்கிட்டு மட்டும் இரு."

பிறகு அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்.

ஓர் அடி. இரைச்சல் உடைந்து மறுபடியும் பொரிதலாயிற்று. இன்னும் சில அடிகள். கடுகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவர் குழல்விளக்கைத் தாண்டினார், குகை வாசலைத் தாண்டினார். நரைத்த தலை மட்டும் கொஞ்சநேரம் தெரிந்தது. முதல் வளைவில் திரும்பியதும் அதையும் இருட்டு எடுத்துக்கொண்டது. காலடிச் சத்தம்கூட இல்லை.

இங்கெரி தரையில் இருந்த கருவியையே பார்த்தாள். முள் இறங்கிக்கொண்டே வந்து, அடியில் போய் உட்கார்ந்தது. பொரிதல் நின்றுவிட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, வயிற்றை அதற்கு நேராகக் கொண்டுவந்தாள்.

டிக் என்றது. வெகுநேரம் கழித்து, இன்னொரு டிக். மலை தூக்கத்தில் விடுகிற மூச்சு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவள் வயிற்றில் எதுவும் இல்லை, இருக்க வேண்டியதைத் தவிர.

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஏன், எப்படி என்று எதுவும் உடனே ஓடவில்லை. கன்ட்ரோல் அறையில் அடங்கிப்போன சுவர்க் கிழவன், ஜன்னலோர மேசை, சாடி சாடியாகத் தண்ணீர், நீட்டிப் பிடித்த கை. அவையெல்லாம் மெல்ல மெல்ல ஒரே இடத்தைக் காட்டின. அந்த இடம் இப்போது இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

"அர்மாஸ்?" என்று கூப்பிட்டாள்.

வளைவுக்கு அப்பாலிருந்து, கான்கிரீட் பாதியை விழுங்கிவிட்டு மீதியை அனுப்பிய குரல் வந்தது.

"காலையில ஆஸ்பத்திரியில எனக்குக் கதிரியக்க மருந்து ஊசி போட்டாங்க, இங்கெரி, எலும்புல எதுவரைக்கும் பரவியிருக்குன்னு பாக்கறதுக்கு."